மேலே ஏறும் நாய்: அடித்தால் தீராது

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குப் பேசப்போகிற விஷயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கும், சிலருக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் பலரும் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்கிற கேள்வி இது. வீட்டு நாய் விருந்தாளியின் காலைக் கட்டிப் பிடிக்கிறது, பிள்ளைகள் மேல் ஏறுகிறது. இதற்கு என்ன செய்வது?

ஒரு நாள் பெரியவர் ஒருவர் இரண்டு வயதுக் கடுவன் நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு வந்தார். "ஐயா, நாலு பேர் முன்னால மானத்த வாங்குது. ஒரு ஊசியப் போட்டு முடிச்சிடுங்க" என்றார். கூட வந்த பேரன் அழுதுகொண்டு நின்றான்.

விசாரித்தேன். விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை நாய் மோட்டார் கொட்டகையில் கட்டிக் கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவிழ்த்து விடுவார்கள். அவிழ்த்த வேகத்தில் ஓடிவந்து பையன் மேல் ஏறும். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு கம்பெடுத்தார்கள். முந்தின நாள் அடி விழுந்தபோது நாய் உறுமித் திரும்ப, பையன் கையில் பல் பட்டுவிட்டது. "கைய தண்ணியில அலசினோம்" என்றார் பெரியவர்.

உடனே பையனின் கையைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொன்னேன். வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினேன். கடித்த நாயைக் கொல்லவும் கூடாது. 10 நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று தடுப்பூசியைத் தள்ளிப் போடவும் கூடாது.

மாடு வேறு, நாய் வேறு

மாடு வளர்க்கும் நமக்கு ஒரு மாடு இன்னொன்றின் மேல் ஏறினால் சினைப் பருவம்தான் நினைவுக்கு வரும். நாயையும் அதே கண்ணோடு பார்க்கிறோம். அங்கேதான் தப்பு வருகிறது. கண் திறந்து சில வாரமே ஆன நாய்க்குட்டிகளும் விளையாட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பெட்டை நாயும் ஏறும். காயடித்த நாயும் ஏறும். ஆட்டுக்குட்டிகள் துள்ளி ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைப் பார்த்து யாராவது கம்பெடுக்கிறோமா?

பருவ உணர்ச்சியும் ஒரு காரணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனிதர்கள் மேல் ஏறுவது பெரும்பாலும் அளவு மீறிய உற்சாகத்தாலோ பதற்றத்தாலோதான். நாள் முழுக்கக் கட்டிக் கிடந்த நாய்க்கு அந்த வேகத்தை எப்படி அடக்குவது என்று தெரிவதில்லை. அடித்தால் பதற்றம் கூடும். பதற்றம் கூடினால் ஏறுவதும் கூடும், கடியும் வரும். சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டால், நாய் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும்.

முதலில் நோயைப் பாருங்கள்

இதுவரை இல்லாத பழக்கம் திடீரென்று வந்தால் நோயாக இருக்கலாம். அடிக்கடி உறுப்பை நக்குகிறதா? சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறதா? தோலில் சொறி, உண்ணி இருக்கிறதா? சிறுநீர்த் தொற்றும் அரிப்பும் கூட இப்படிச் செய்யவைக்கும். உறுப்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, காலிபிளவர் போலச் சதை வளர்ந்திருந்தாலோ தாமதிக்காதீர்கள். அது தெருவில் இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் கட்டி. வாரம் ஒரு ஊசி என்று சில வாரம் மருத்துவரிடம் போட்டால் பெரும்பாலும் குணமாகும். கைவைத்தியம் பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

பழக்கும் முறை

ஒன்று: நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடாதீர்கள். காலையும் மாலையும் அரை மணி நேரமாவது வரப்போரம் கயிற்றில் நடத்திக் கூட்டிப் போங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்ற நம் நாட்டு நாய்கள் ஓட்டத்துக்குப் பேர்போனவை. ஓடவேண்டிய நாயைக் கட்டியே வைத்தால் அந்த வேகம் எங்கேயாவது வெளிப்படத்தான் செய்யும்.

இரண்டு: ஏறுவதற்கு முன்னாலேயே தடுங்கள். சுற்றிச் சுற்றி வருவது, முனகுவது, முன்னங்காலால் பிறாண்டுவது இதெல்லாம் முன்னறிகுறி. அப்போதே பெயர் சொல்லிக் கூப்பிட்டு "உட்கார்" என்று சொல்லுங்கள். உட்கார்ந்ததும் ஒரு துண்டு ரொட்டியோ, அவித்த முட்டையோ கொடுங்கள். விருந்தாளி இல்லாத நேரத்தில் இதைத் தினமும் ஐந்து நிமிடம் பழக்கி வைத்தால்தான் விருந்தாளி வரும்போது கைகொடுக்கும்.

மூன்று: ஏறிவிட்டால் கத்தாதீர்கள், உதைக்காதீர்கள். கழுத்துப் பட்டையில் ஒரு முழம் கயிறு கட்டி வைத்திருங்கள். அதைப் பிடித்து, ஒன்றும் பேசாமல் அப்பால் கூட்டிப்போய் இரண்டு நிமிடம் நிறுத்துங்கள். அடங்கினதும் விட்டுவிடலாம்.

நான்கு: வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடக்க வேண்டும். தாத்தா அதட்டி, பேரன் சிரித்தால் நாய்க்கு ஒன்றும் புரியாது. சின்னப் பிள்ளைகளை நாயோடு தனியே விடவும் கூடாது.

காயடித்தால் தீருமா?

ஓரளவு தீரும். 1976-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் வளர்ந்த 42 கடுவன் நாய்களுக்குக் காயடித்துப் பார்த்தார்கள். ஊர் சுற்றும் பழக்கம் பத்தில் ஒன்பது நாய்க்குக் குறைந்தது. மேலே ஏறும் பழக்கம் மூன்றில் இரண்டு பங்கு நாய்க்குத்தான் குறைந்தது. ஆகவே அறுவையோடு பழக்குவதும் சேர வேண்டும். பலன் தெரியச் சில வாரம் முதல் சில மாதம் வரை ஆகும். அறுவை முடிந்த முதல் சில வாரம் கடுவனைப் பருவத்துக்கு வந்த பெட்டையிடம் விடக்கூடாது, குட்டி பிடிக்க வாய்ப்புண்டு. எந்த வயதில் செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள். பெரிய இன நாய்க்கு உடல் வளர்ந்து முடியட்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம். காளைக்குக் காயடிக்கும் இடுக்கியை நாய்க்குப் போடாதீர்கள். நாய்க்கு மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவைதான் சரி.

பெட்டை நாய் வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம் இருக்கும். அப்போது அதைப் பத்திரமாக அடைத்து வையுங்கள். அந்த வாடைக்கு ஊர்க் கடுவன்கள் எல்லாம் கூடும்; எந்தப் பழக்கமும் அப்போது செல்லாது.

அந்தப் பெரியவர் நாயைக் கொல்லவில்லை. 10 நாள் கவனித்ததில் நாய் நல்லபடியாக இருந்தது. அதற்குப் பிறகு பிள்ளைகள் வருவதற்கு முன்பே நாயைக் கிணற்று மேடு வரை நடத்திக் கூட்டிப்போனார். இரண்டு மாதம் கழித்து நாய்க்குத் தடுப்பூசி போட வந்தார். "இப்ப பையன் வந்தா உட்காந்துக்குது சார். ரொட்டிக்குத்தான் உட்காருதுன்னு எனக்கும் தெரியும். உட்காந்தாச் சரி" என்றார்.

உங்கள் நாய்க்கும் மூன்று மாத வயதில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் காலப்படி வெறிநோய்த் தடுப்பூசி போடத் தவறாதீர்கள். கம்பைக் கொட்டகையில் வையுங்கள், கயிற்றைக் கையில் எடுங்கள்.