உஷார்! அடுத்த பேட்டரிக்குப் பணம் எடுக்கும் முன்…

"செல்ஃப் எடுக்கல சார், பேட்டரி போச்சு" என்று சொன்னதும் புதுப் பேட்டரிக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். மூன்று, நான்கு வருடம் ஓடி பேட்டரி ஓய்ந்தால் அது இயற்கை மரணம். வருடம் திரும்புவதற்குள் இரண்டாவதும் படுத்துவிட்டால் அது கொலை. கொலையாளி பானெட்டுக்குள்ளேயே சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறான். அவனைப் பிடிக்காமல் எத்தனை பேட்டரி மாற்றினாலும் காசு கடைக்காரருக்குத்தான்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் 13.8-லிருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். 13-ஐத் தொடவில்லையா? ஆல்டர்னேட்டர் (நம் மெக்கானிக்குகள் வாயில் இன்னும் 'டைனமோ'தான்) சார்ஜ் ஏற்றவில்லை. 15-ஐத் தாண்டுகிறதா? ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறது. ஹெட்லைட் பல்பு அடிக்கடி ஃப்யூஸ் போகிறதென்றால் அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சில புது மாடல்களில் கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். அவற்றுக்கு மட்டும் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பே சரி.

டைனமோ நன்றாக இருந்தால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் வயரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்கும். மீட்டரின் ஒரு முனையை நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட் என்றால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் பேட்டரியின் பலம் வழியிலேயே வீணாகிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் பேட்டரி, செல்ஃப் மோட்டார், டைனமோ என்று வரிசையாக மாற்றியவர்கள் உண்டு.

அடுத்த திருடன், நாமே ஆசையாகப் பூட்டியது. டேஷ்கேம், ஜி.பி.எஸ். டிராக்கர், பெரிய ஆம்ப்ளிஃபயர். பூட்டி நிறுத்திய வண்டி இழுக்கும் கரண்ட் சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கண்ட இடத்தில் வயரை ஒட்டி அது அரை ஆம்பியராகிவிட்டால், 45 ஏ.ஹெச். பேட்டரி 90 மணி நேரத்தில் காலி. வெள்ளி இரவு நிறுத்தினால் செவ்வாய் மதியம் ஒன்றுமே இருக்காது. செல்ஃப் அதற்கும் முன்பே கைவிரித்துவிடும். இன்னொன்று: சிக்னலில் தானாக அணைந்து எழும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிக்கு, விலை குறைவென்று சாதாரண பேட்டரியைத் தலையில் கட்டுவார்கள். அந்த வண்டிகளுக்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். ரகம்தான். சாதாரணம் சீக்கிரமே படுத்துவிடும்.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு மாட்டியிருக்கிறீர்களா? எச்4 ஹோல்டரும் வயரும் 60/55 வாட்டுக்குச் செய்தவை. ஹை பீமில் ஒரு பல்புக்கு 5 ஆம்பியர் போன இடத்தில் 8-க்கு மேல் போகும். சூடு கிட்டத்தட்ட மூன்று மடங்கு! கழற்றிப் பாருங்கள், ஹோல்டர் பழுத்து, ஓரம் கருகியிருக்கும். பிறகு எத்தனை பல்பு மாட்டினாலும் நிற்காது. ஃப்யூஸ் போகிறதே என்று 10-க்குப் பதில் 20 ஆம்பியர் செருகுவது அதைவிடப் பயங்கரம். ஃப்யூஸ் எரிய வேண்டிய இடத்தில் வயர் எரியும்.

இக்னிஷன் காயில் அடிக்கடி போகிறதா? காயிலை விடுங்கள், ஸ்பார்க் பிளக்கைப் பாருங்கள். முனை தேய்ந்து இடைவெளி கூடினால், அதைத் தாண்டக் காயில் கூடுதல் வோல்டேஜ் தந்து தந்தே சாகும். புதுக் காயிலுக்கும் அதே கதிதான்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு விஷயத்துக்கு மட்டும் கண்ணை எடுக்காமல் நில்லுங்கள். டைனமோவைச் சோதிக்கிறேன் என்று, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. "வண்டி நிக்கல பாருங்க, டைனமோ ஓகே" என்பார்கள். அம்பாசடர் காலத்து வித்தை அது. இன்றைய வண்டியில், தாங்கிப் பிடிக்கும் பேட்டரி சட்டென விலகினால் வோல்டேஜ் ஒரு நொடிக்குள் பல மடங்கு எகிறும். எகிறினால் போவது இ.சி.யு. என்கிற எஞ்சின் கம்ப்யூட்டர்; அதன் விலையில் பல பேட்டரிகள் வாங்கலாம். ஸ்பேனரோடு அவர் கை டெர்மினலுக்குப் போகும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, அதைத் தொடாதீங்க, மீட்டர் வச்சுப் பாருங்க."