வவுச்சரில் ஏறாத மீன்

அஸ்வெசும விண்ணப்ப நாள் முடியப்போகிறது என்றாலே வாழைச்சேனையிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: "அஸ்வெசுமவில் பெயர் இல்லை. பிள்ளைத்தாச்சிக்குத் தரும் வவுச்சரும் போயிடுமா?"

அந்தக் காரணத்துக்காகப் போகாது. அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கிய வறுமைக் கொடுப்பனவு. வவுச்சருக்கு வாசல் கிளினிக். மிட்வைப் மிஸ்ஸிடம் பதிந்தால்தான் பெயர் பிரதேச செயலகம் வரை போகும்.

இந்த வவுச்சரை அமைச்சு 'போசாக்குக் கொடுப்பனவு' என்கிறது. அதை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: குறித்த கடையில், குறித்த ரூபாவுக்குச் சாமான் எடுக்கலாம் என்று எழுதிய ஒரு தாள். கெட்டிக்காரத்தனம் இதில் உண்டு. காசாகத் தந்தால் அது கசிப்புக்கோ கடனுக்கோ போகலாம். தாளைக் கொண்டு பருப்பு, பயறு, நெத்தலி, டின் மீன் போன்றவைதான் வாங்கலாம். தாள் வேண்டுமென்றால் கிளினிக்குக்கும் வந்தாக வேண்டும்.

கோளாறும் அதே தாளில்தான். 2015இல் மாதம் 2,000 ரூபா, பத்து மாதத்துக்கு 20,000. பிறகு அது 4,500 ஆனது. தொகையை ரூபாவில் கட்டினார்களே தவிர முட்டையில் கட்டவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், தாளில் அச்சான எண்ணுக்கு அது தெரியாது.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. வாழைச்சேனைத் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் இறங்குகிறது. சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவரிடமோ தயிர்க்காரியிடமோ தாளை நீட்ட முடியாது. ஆற்றையும் கடலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கர்ப்பிணி கடைக்குப் போய் டின் மீன் எடுக்கிறாள். போசாக்குப் பட்டியலைப் போட்டவர்கள் இந்தக் கரையைப் பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

மற்றக் கேள்விகள்.

எந்தச் செயலகம்? கோறளைப்பற்று என்ற பெயரில் ஐந்து இருக்கின்றன. ஆஸ்பத்திரி எது என்று பார்க்காதீர்கள், நீங்கள் குடியிருக்கும் கிராம சேவகர் பிரிவைப் பாருங்கள். (நம் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார் என்பதால் முகவரிக் குழப்பம் பெண்களுக்குக் குறைவு.)

சமபோஷாவும் திரிபோஷாவும் ஒன்றா? இல்லை. இரண்டும் சத்துமாதான், ஆனால் சமபோஷா கடைச் சரக்கு. திரிபோஷா 1973 முதல் கிளினிக்கில் இலவசம், கையிருப்பு இருந்தால்.

எப்போது பதிவது? நாள் தள்ளிப்போனதுமே. எட்டு வாரத்துக்குள் என்றால் நல்லது.

கிளினிக் அட்டை தொலைந்தால்? அது எச் 512 ஏ. அதன் சோடி, 512 பி, மிட்வைப் மிஸ்ஸிடம் இருக்கும். போய்ச் சொல்லுங்கள்.