புதிய கேமிங் மடிக்கணினி வாங்கும் முன் பழையதைத் திறந்து பாருங்கள்

"அக்கா, இது இனிமே உதவாது. புதுசு ஒன்னு வாங்கணும்."

பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படிக்கும் என் தம்பி, தீபாவளி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது சொன்னது இது. 2019-இல் வாங்கிய அவனுடைய கேமிங் மடிக்கணினியில் வேலரன்ட் விளையாட ஆரம்பித்தால், பத்து நிமிடத்தில் படம் திக்கித் திக்கி நகரும். விளையாட்டோடு போயிருந்தால் வீட்டில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டோம். பாடத்துக்கான ஆட்டோகேட் வரைபடங்களையும் அவன் அதில்தான் செய்கிறான்.

கடையில் விசாரித்தால், அதே ரகத்தில் புதியது 4,000 ரிங்கிட்டுக்கு மேல். நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட்தான். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அப்பா, "தவணையில எடுத்துக்கலாம்மா" என்றார். அதற்கு முன் ஒருமுறை பழையதைப் பரிசோதித்துவிடலாம் என்று சொன்னேன். கடைசியில் புதியது வாங்கவே இல்லை. அந்த அனுபவம் மற்ற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே பகிர்கிறேன்.

எதனால் மெதுவாகிறது?

மடிக்கணினி மெதுவாவதற்கு ஒரே காரணம் இருப்பதில்லை. எப்போது திணறுகிறது என்பதைக் கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

தொடக்கத்தில் நன்றாக ஓடி, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத் திணறினால், பெரும்பாலும் சூடுதான் காரணம். திறந்து தயாராவதற்கே பல நிமிடங்கள் எடுத்தால் ஹார்ட் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். விளையாட்டோடு பிரவுசரையும் திறந்தவுடன் நின்று நின்று ஓடினால் ரேம் போதவில்லை. முதல் நொடியிலிருந்தே படம் தடுமாறினால், கிராஃபிக்ஸ் சில்லுக்கு அந்த விளையாட்டு பாரமாக இருக்கலாம்.

இதை உறுதிசெய்யக் காசு தேவையில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க், ரேம் ஆகியவை எத்தனை விழுக்காடு பயன்படுகின்றன என்று தெரியும். சூட்டைப் பார்க்க எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவசச் செயலி போதும். தம்பியின் கணினியில் சிபியூ 97 டிகிரி செல்சியஸ் காட்டியது.

தூசியும் சூடும்

கேமிங் மடிக்கணினியின் சிபியூ 95 முதல் 100 டிகிரியை நெருங்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, தற்காப்பு. சூடு வெளியேற வழி இருந்தால் பழைய வேகம் திரும்பிவிடும்.

அடிமூடியைக் கழற்றியபோது, விசிறிக்கும் வெப்பத்தை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி பஞ்சு போல அடைத்திருந்தது. மெத்தைமேல் வைத்து விளையாடும் பழக்கத்தின் பலன். சில்லின்மேல் பூசியிருந்த தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்து போயிருந்தது.

நீங்களே சுத்தம் செய்வதாக இருந்தால், கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றி, உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பேஸ்ட் மாற்றிப் பழக்கமில்லை என்றால் கடைக்காரரிடம் விடுவதே நல்லது. எங்கள் வீட்டில் இந்த வேலைக்குப் பிறகு சூடு 80 டிகிரியை ஒட்டி நின்றது.

எஸ்எஸ்டியும் ரேமும்

அடுத்த பெரிய மாற்றம் எஸ்எஸ்டி. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 மெகாபைட் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 மெகாபைட் வரை படிக்கும். விளையாட்டின் பிரேம் எண்ணிக்கையை இது அதிகம் உயர்த்தாது. ஆனால் கணினி திறப்பதும், விளையாட்டு ஏறுவதும் நன்றாகவே வேகமாகும்.

ரேம் விஷயத்தில், டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்ட்" என்ற வரியைப் பாருங்கள். இரண்டில் ஒன்று என்று இருந்தால் ஓர் இடம் காலியாக உள்ளது. 8 ஜிபி உள்ள கணினியில் அதே வகை 8 ஜிபி இன்னொன்றைச் சேர்த்தால், அளவு கூடுவதோடு இரண்டும் இணைந்து செயல்படுவதால் வேகமும் கூடும். பழைய ரேம் எந்த வகை என்று தெரியாமல் வாங்கிவிடாதீர்கள். டிடிஆர்4 இடத்தில் டிடிஆர்5 பொருந்தாது.

காசில்லாத மாற்றங்கள்

விளையாட்டின் ரெசலூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கினால், கிராஃபிக்ஸ் சில்லு வரைய வேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறையும். பிரேம் வேகத்தை 60-இல் கட்டுப்படுத்தினால் சூடும் குறையும். கணினியின் பின்பக்கம் இரண்டு போத்தல் மூடிகளை வைத்து உயர்த்தினால் அடியில் காற்று புகும். விளையாடும்போது அசல் சார்ஜரில் இணைத்தே வையுங்கள். பேட்டரியில் மட்டும் ஓடினாலோ, வாட் குறைந்த சார்ஜரைப் போட்டாலோ கணினி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

எல்லையும் உண்டு

பெரும்பாலான மடிக்கணினிகளில் சிபியூவும் கிராஃபிக்ஸ் சில்லும் பலகையோடு பற்ற வைக்கப்பட்டவை. அவற்றை மாற்ற முடியாது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைச் சில்லுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் மேம்பாட்டை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறை முதல் விண்டோஸ் 11 ஏற்கும். உங்கள் கணினி ஏற்குமா என்பதை மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் செயலியில் பார்க்கலாம்.

டச்பேட் மேலெழுந்தாலோ, அடிமூடி பிதுங்கினாலோ பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; சார்ஜ் ஏற்றவும் கூடாது. கணினியை உடனே அணைத்துக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கடையில் கொடுக்கும் முன் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். "போர்டே போச்சு" என்று யாராவது சொன்னால், இன்னொரு கடையிலும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

சுத்தம், எஸ்எஸ்டி, பழைய ரேம் ஒன்று எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு 500 ரிங்கிட்டைத் தாண்டவில்லை. தம்பி இப்போது அதிலேயே வரைகிறான், விளையாடவும் செய்கிறான். தவணை கட்ட அப்பா ஒதுக்க நினைத்த பணம் அவனுடைய அடுத்த செமஸ்டர் கட்டணத்துக்குப் போயிருக்கிறது.