இலக்குக்கு ஏற்ற தோட்டா

1902ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள ராஃபிள்ஸ் ஹோட்டலில் ஒரு புலி சுட்டுக் கொல்லப்பட்டது. விலங்குக் காட்சி ஒன்றிலிருந்து தப்பிய அப்புலி, ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கியிருந்தது. அதைச் சுட்டவர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் பணியாற்றிய சி. எம். ஃபிலிப்ஸ். அவ்வளவு அருகில் இருக்கும் விலங்கைச் சுடுவதற்கு எந்தத் தோட்டா ஏற்றது என்று எவரும் நெடுநேரம் ஆராய மாட்டார். அதே புலி 200 மீட்டருக்கு அப்பால் நின்றிருந்தால் நிலைமை வேறு. தொலைவு கூடக்கூடத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது ஏன் கடினமாகிறது என்பதை இங்கே காண்போம்.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சுவழக்கில் குண்டையும் தோட்டாவையும் ஒன்றாகவே வழங்குகிறோம். தோட்டா என்பது முழுப்பொருள். பித்தளை உறை, அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மருந்து, உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. இலக்கை நோக்கிச் செல்வது குண்டு மட்டுமே. ஆகவே, தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது என்பது எவ்வளவு எடையுள்ள குண்டு, எந்த வடிவில், எவ்வளவு வேகத்தில் புறப்பட வேண்டும் என்று முடிவு செய்வதாகும்.

இத்தகைய முடிவை நம் நாடும் எடுத்திருக்கிறது. தேசிய சேவை தொடங்கிய 1967ஆம் ஆண்டிலேயே, தோட்டாக்களை உள்நாட்டில் உருவாக்க சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் சிங்கப்பூர் நிறுவனம் அமைக்கப்பட்டது. அதுவரை காலாட்படையினர் ஏந்திய எஸ்.எல்.ஆர். துப்பாக்கி 7.62 மில்லிமீட்டர் தோட்டாவைப் பயன்படுத்தியது. பின்னர் வந்த எம்16 துப்பாக்கிக்கும், இன்றைய எஸ்.ஏ.ஆர். 21 துப்பாக்கிக்கும் 5.56 மில்லிமீட்டர் தோட்டாவே உரியது.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 7.62 தோட்டா ஒன்றின் எடை ஏறத்தாழ 24 கிராம், 5.56 தோட்டாவின் எடை அதில் பாதி. ஒரே சுமையில் இருமடங்கு தோட்டாக்களை வீரர் எடுத்துச் செல்லலாம். துப்பாக்கி தோளில் உதைப்பதும் குறைவு. புதிதாகச் சுடப் பழகுபவரிடம் உதை மிகுந்த துப்பாக்கியைக் கொடுப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பது போன்றது. உதைக்கு அஞ்சும் கை, விசையை இழுக்கும் கணத்திலேயே அசைந்து குறி தவறும்.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. நிறையின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்பதை மாணவர்கள் அறிவர். 3.6 கிராம் எடையுள்ள 5.56 குண்டு வினாடிக்குச் சுமார் 990 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அதன் ஆற்றல் ஏறத்தாழ 1,760 ஜூல். 9.5 கிராம் எடையுள்ள 7.62 குண்டு 840 மீட்டர் வேகத்தில் புறப்பட்டாலும் ஏறத்தாழ 3,350 ஜூல் ஆற்றல் கொண்டது. இலேசான குண்டைக் காற்று எளிதில் தளர்த்தும். பக்கவாட்டிலும் எளிதில் தள்ளும்.

விளையாட்டுக்கு வருவோம். 2014ஆம் ஆண்டு கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஜாஸ்மின் செர் 50 மீட்டர் ரைஃபிள் பிரிவில் தங்கம் வென்றார். 2018ஆம் ஆண்டு கோல்ட் கோஸ்ட்டில் மார்டினா வெலோசோவும் 50 மீட்டர் பிரிவு ஒன்றில் தங்கம் வென்றார். இப்பிரிவுக்குரிய .22 தோட்டாவின் குண்டு வெறும் 2.6 கிராம், அதன் ஆற்றல் 140 ஜூல் அளவே. இலக்கின் நடுவட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். தாளில் துளையிட ஆற்றல் தேவையில்லை. ஒவ்வொரு குண்டும் ஒரே வழியில் செல்வதே தேவை. ஆதலால் இக்குண்டை ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகவே செலுத்துகின்றனர். ஒலியை முந்திப் புறப்படும் குண்டு, வழியில் வேகம் குறைந்து ஒலியின் வேகத்தைக் கடக்கும்போது நிலைகுலையக்கூடும்.

ஆயிரம் கஜத் தொலைவில், அதாவது 914 மீட்டரில், கணக்கு தலைகீழாகிறது. அங்கே குண்டு இலக்கை அடையும்வரை ஒலியின் வேகத்துக்கு மேலேயே இருக்க வேண்டும். பயண நேரம் சுமார் ஒன்றரை வினாடி. அந்நேரத்தில் புவியீர்ப்பால் ஏறத்தாழ 11 மீட்டர் கீழிறங்கும். இவ்விறக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுக் குறிநோக்கியைத் திருத்திவிடலாம். மாறிமாறி வீசும் காற்றை அவ்வாறு கணக்கிட இயலாது. அதனால்தான் நெடுந்தொலைவுச் சுடுநர்கள் காற்றைக் கிழித்துச் செல்லும் நீண்ட, கூரிய குண்டுகளை நாடுகின்றனர். 2007ஆம் ஆண்டு அறிமுகமான 6.5 கிரீட்மோர் தோட்டா இந்நோக்கத்தில் பிறந்ததே.

வேட்டையில் அளவுகோல் மீண்டும் மாறுகிறது. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காடுகளில் ஆட்கொல்லி விலங்குகளைத் தேடிச் சென்ற கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டர் துப்பாக்கியை ஏந்தினார். அதன் பருத்த, மழுங்கிய குண்டு நெடுந்தொலைவுக்கு ஆகாது. அடர்காட்டில் சில பத்து மீட்டருக்குள் எதிர்ப்படும் புலிக்கு அது பொருத்தமானது. இங்கே தவறுக்குத் தரப்படும் விலை ஒரு புள்ளியன்று. சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்று ஜிம் கார்பெட் பதிவு செய்துள்ளார். 1907ஆம் ஆண்டு அதைச் சுட்ட பிறகு வாயைப் பார்த்தபோது, பழைய துப்பாக்கிக் காயத்தால் வலப்பக்கக் கோரைப்பற்கள் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போனதாலேயே அது மனிதரை நாடியது என்பது அவர் முடிவு. முன்பு எவரோ சுட்டுக் கொல்லாமல் விட்ட ஒரு குண்டு, அத்தனை வீடுகளில் துயரமாக முடிந்தது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டம் வேட்டையைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டங்கள் மிகக் கடுமையானவை. நம் இளையர்களுள் பலர் தேசிய சேவையிலும், சிலர் விளையாட்டு அரங்கிலும் மட்டுமே தோட்டாவைக் கையில் எடுப்பர். எங்கு எடுத்தாலும் கேள்விகளின் வரிசை ஒன்றே: இலக்கில் என்ன நிகழ வேண்டும்? அது எவ்வளவு தொலைவில் உள்ளது? சுடுபவரின் தோள் எவ்வளவு உதையைத் தாங்கும்? இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே தோட்டாவின் பெயரைக் கேட்க வேண்டும். பெரிய தோட்டாவே சிறந்தது என்று தொடங்குபவர், கேள்வியை இறுதியிலிருந்து படிக்கிறார்.