ஏரி மீனைக் கெடாமல் காப்பது எப்படி? பச்சையாகச் சாப்பிடலாமா?

மாசி, பங்குனியில் திருக்கோவிலூர் பக்கத்து ஏரிகளில் தண்ணீர் வற்றும்போது, கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் என்று ஒரே நாளில் மீன் குவியும். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்களும் இந்த நேரத்தில்தான் அறுவடை செய்கிறார்கள். விலை இறங்குவதும், வெயிலில் மீன் கெடுவதும் ஒரே நாளில் நடக்கும். கொஞ்சம் முன்யோசனை இருந்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

ஏன் சீக்கிரம் கெடுகிறது?

செத்த மீனின் குடலில் உள்ள செரிமான நொதிகள் முதலில் வயிற்றுச் சதையைக் கரைக்கும். செவுள், தோலில் இருக்கும் பாக்டீரியாக்கள் வெயிலின் சூட்டில் வேகமாகப் பெருகும். அதனால் கரைக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்தான் முக்கியம்.

ஐஸ் வைக்கும் முறை

பண்ணைக்குட்டையில் அறுவடைக்கு முந்தைய நாளே தீவனத்தை நிறுத்துங்கள். குடல் காலியாக இருந்தால் மீன் மெதுவாகக் கெடும். விடியற்காலையில் வலை போடுங்கள். பிடித்த மீனை நல்ல தண்ணீரில் கழுவி, பெரிய மீனாக இருந்தால் குடலையும் செவுளையும் நீக்குங்கள். கோடையில் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் வேண்டும். தெர்மாகோல் பெட்டியில் அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகும் தண்ணீர் வெளியேற அடியில் ஓட்டை வையுங்கள். குடிநீரில் செய்த ஐஸையே வாங்குங்கள்.

கருவாடு போடும்போது

விற்காத மீனைக் கருவாடாக்கலாம். பெரிய மீனைப் பிளந்து, கழுவி, 4 கிலோ மீனுக்கு 1 கிலோ சுத்தமான உப்பு வீதம் தடவி, ஒரு நாள் மூடி வையுங்கள். பிறகு தரையிலும் தார் ரோட்டிலும் பரப்பாமல், உயரமான பந்தலில் வலை விரித்துக் காயப்போடுங்கள். ஈ வராமல் மேலேயும் கொசுவலை மூடுங்கள். ஈ, புழுவுக்குப் பயந்து பூச்சிமருந்து தெளிப்பது விஷத்தைச் சோற்றில் கலப்பதற்குச் சமம். கருவாட்டில் இளஞ்சிவப்புப் படிவமோ ஈரமோ தெரிந்தால் அதை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம்.

பச்சை மீன் வேண்டாம்

ஜப்பானியர் பச்சை மீன் சாப்பிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "நம்ம ஏரி மீனையும் அப்படிச் சாப்பிடலாமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கூடாது. அவர்கள் பெரும்பாலும் சாப்பிடுவது கடல் மீன். ஒட்டுண்ணிகளைக் கொல்ல மீனை மைனஸ் 20 டிகிரியில் 7 நாட்கள் உறைய வைக்கும் முறை உண்டு. நம் வீட்டு ஃபிரிட்ஜில், அதுவும் மின்வெட்டு வரும் ஊரில், அந்தக் குளிரை நம்ப முடியாது. அங்கும் ஆபத்து இல்லாமல் இல்லை.

நன்னீர் மீனில் ஆபத்து இன்னும் அதிகம். தாய்லாந்தின் வடகிழக்கில் ஆற்று, குள மீனைப் பச்சையாகச் சாப்பிடும் பழக்கத்தால், கல்லீரல் தட்டைப்புழு தொற்றி, பித்தநாளப் புற்றுநோய் வரைக்கும் போகிறது. எலுமிச்சைச் சாறும் உப்பும் ஊற்றினால் சதை வெந்தது போல வெளுக்கும். ஆனால் உள்ளே இருக்கும் புழு சாகும் என்று நம்ப முடியாது.

எனவே முள்ளை ஒட்டிய சதையும் வெளுத்து, முள் தானாகக் கழன்று வரும்வரை வேக விடுங்கள். பச்சை மீன் நறுக்கிய கத்தி, பலகையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் வெங்காயம், தக்காளிக்குப் பயன்படுத்தாதீர்கள். ஐஸும் உப்பும் மீனைக் காக்கும். சாப்பிடுபவரைக் காப்பது அடுப்புத் தீதான்.