எதை முதலில் நேசிப்பது? புனித அகுஸ்தீன் கண்ட மகிழ்ச்சி

நிலைத்த மகிழ்ச்சியைப் பற்றிக் கிறித்தவ மரபில் எழுதியவர்களுள் புனித அகுஸ்தீனைப்போல் அந்தக் கேள்வியை வாழ்நாள் முழுவதும் விடாமல் துரத்தியவர்கள் குறைவு. மனிதர் நேசிக்கும் பொருள்கள் கெட்டவை என்று அவர் சொல்லவில்லை. உறவு, கல்வி, உடல்நலம், நட்பு எல்லாமே இறைவன் படைத்த நன்மைகள். அவற்றை நேசிக்கும் வரிசை குலைவதால்தான் மகிழ்ச்சி கைக்கு வந்தும் நிற்பதில்லை என்பது அவர் முடிவு.

அந்த முடிவுக்கு அவர் எளிதில் வந்துவிடவில்லை. 354-இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்தார். இன்று அது அல்ஜீரியாவில் சூக் அஹ்ராஸ் எனப்படுகிறது. 19 வயதில் உரோமை அறிஞர் சிசெரோவின் 'ஹொர்டென்சியஸ்' நூலைப் படித்தபோது ஞானத்தைத் தேடும் ஆசை மூண்டது. ஆனாலும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மனிக்கேயம் என்ற சமயக் குழுவினரோடு அலைந்தார். 384-இல் பேரரசரின் அவை இருந்த மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியரானார். பதவி, புகழ், செல்வாக்குள்ள நண்பர்கள் என எதற்கும் குறைவில்லாத காலம் அது. பேரரசரைப் புகழ்ந்து ஆற்றவேண்டிய உரையைப் பற்றிய கவலையோடு தெருவில் போய்க்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரர் ஒருவரைக் கண்டார். அந்தச் சிரிப்பு உண்மையான மகிழ்ச்சி அல்ல என்று அவருக்குத் தெரியும். ஆனால் சில காசுகளில் அந்த ஏழைக்குக் கிடைத்த நிம்மதிகூடத் தமக்கு வாய்க்கவில்லையே என்ற எண்ணம் அவரை உறுத்தியது. இதை அவரே தம் 'கன்பெஷன்ஸ்' என்ற தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார்.

386-இல் மனம் திரும்பிய அகுஸ்தீன் ஆசிரியப் பணியை விட்டு, மிலானுக்கு வெளியே கசிசியாக்கும் என்ற இடத்தில் நண்பர் ஒருவரின் பண்ணை வீட்டில் தங்கினார். அந்த நவம்பர் 13 அவருடைய பிறந்தநாள். உணவுக்குப் பின் தாய் மோனிக்கா, மகன் அதியோதாத்துஸ், சகோதரர், உறவினர், மாணவர்கள் எல்லாரும் அமர்ந்து மூன்று நாள் நடத்திய உரையாடலே 'மகிழ்ச்சியான வாழ்வு' என்ற சிறு நூல். விரும்பியதைப் பெற்றவர் மகிழ்ச்சியானவரா என்று அகுஸ்தீன் கேட்டார். நல்லதை விரும்பிப் பெற்றால் மகிழ்ச்சி, தீயதை விரும்பினால் பெற்றாலும் துன்பம்தான் என்று மோனிக்கா பதில் சொன்னார். மெய்யியலின் கோட்டையையே அம்மா பிடித்துவிட்டார் என்று அகுஸ்தீன் வியந்தார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாத ஒரு தாயின் சொல்லுக்கு அறிஞர் அவையில் கிடைத்த இந்த மதிப்பு அந்நூலின் அழகுகளில் ஒன்று.

பேச்சு மேலும் நகர்ந்தது. செல்வம் எவ்வளவு இருந்தாலும் அதை இழந்துவிடக்கூடும். இழப்போமோ என்று அஞ்சிக்கொண்டிருப்பவர் மகிழ்ச்சியானவர் அல்லர். ஆகவே நம் விருப்பத்துக்கு எதிராகப் பறிக்கப்பட முடியாத ஒன்றே நிலைத்த மகிழ்ச்சி தரும். அது கடவுள் ஒருவரே என்ற இடத்துக்கு எல்லாரும் வந்து சேர்ந்தனர். மூன்றாம் நாள் பேச்சின் முடிவில், ஆயர் அம்புரோஸ் இயற்றிய பாடலின் ஓர் அடியை மோனிக்கா மகிழ்ச்சியோடு சொன்னார். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு ஆகியவற்றின் வழியே அந்த வாழ்வுக்குச் செல்ல முடியும் என்றும் கூறினார். அடுத்த ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் அகுஸ்தீனும் மகனும் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றனர்.

இந்தச் சிந்தனை பின்னர் எழுதிய 'கிறித்தவப் போதனை' நூலில் முழு உருவம் பெற்றது. சிலவற்றை அவற்றுக்காகவே நேசித்து அவற்றில் இளைப்பாறலாம். மற்றவற்றைக் கடவுள் என்ற இலக்கை அடையத் துணையாகக் கொள்ளவேண்டும். சொந்த ஊர் திரும்பப் புறப்பட்டவர் பயணத்தின் இனிமையில் மயங்கி ஊரையே மறந்துவிடுவதுபோல, மனிதர் படைப்பில் மயங்கிப் படைத்தவரை மறக்கிறார்கள் என்பது அவர் விளக்கம். இதன் பொருள் மனிதரைக் குறைவாக நேசிக்கவேண்டும் என்பது அன்று. இளமையில் நெருங்கிய நண்பர் ஒருவர் இறந்தபோது, சாகக்கூடியவரைச் சாகாதவர்போல் நேசித்ததே அந்தத் துயரின் ஆழத்துக்குக் காரணம் என்று பின்னாளில் உணர்ந்தார். 387-இல் தாய் இறந்தபோதும் அழுதார். சில ஆண்டுகளில் மகனையும் இழந்தார். அன்பு குறையவில்லை. அது கடவுளுக்குள் வேரூன்றியிருந்ததால் அவர்களை முற்றிலும் இழந்துவிட்டதாக அவர் கருதவில்லை.

ஆன்மிக முன்னுரிமை என்பது அன்றாட வாழ்விலும் வரிசையைக் கேட்கிறது. மிலானில் நாடிய பதவியைத் துறந்தவர், தகாஸ்தே திரும்பித் தம் சொத்தை விட்டுவிட்டு நண்பர்களுடன் செபத்திலும் படிப்பிலும் வாழ விரும்பினார். ஆனால் 391-இல் ஹிப்போ நகரில் மக்கள் அவரைப் பிடித்துக் குருவாக்கினர். சில ஆண்டுகளில் ஆயரானார். மறையுரைகளோடு மக்களின் வழக்குகளைத் தீர்த்துவைப்பதும் அவர் நேரத்தைத் தின்றது. அதைப் பற்றி அவர் வருந்தியதுண்டு, விட்டுவிடவில்லை. அயலாரின் தேவையை மறக்கும் அளவுக்கு ஓய்வும் கூடாது, கடவுளைத் தியானிக்க நேரமில்லாத அளவுக்கு உழைப்பும் கூடாது என்று 'கடவுளின் நகரம்' நூலின் 19-ஆம் பகுதியில் அவர் வகுத்த நெறி, வேலையும் வீடும் நெருக்கும் இன்றைய விசுவாசிக்கும் அப்படியே பொருந்தும்.

முதுமையில், 426–427 காலத்தில், தம் நூல்களை எல்லாம் மீண்டும் படித்துத் திருத்தக் குறிப்புகள் எழுதினார். பிறந்தநாள் உரையாடலில் ஞானியின் மனம் இவ்வுலகிலேயே முழு மகிழ்ச்சி அடைவதுபோல் எழுதியதை அப்போது ஏற்கவில்லை. முழுமை மறுவாழ்வில்தான், இங்கே கிடைப்பது எதிர்நோக்கில் வாழும் மகிழ்ச்சி என்று தெளிவுபடுத்தினார். கிறித்தவர் கண்ணீரே வடிக்கக் கூடாது என்ற தவறான எண்ணத்துக்கு இதில் நல்ல மறுப்பு இருக்கிறது.

430-இல் வாண்டல் இனத்தவர் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்தபோது அவர் நோயுற்றார். மனவருத்தத் திருப்பாடல்களை எழுதச் சொல்லிச் சுவரில் மாட்டவைத்துப் படுக்கையிலிருந்தே படித்தார். ஆகஸ்ட் 28 அன்று இறந்தார். அவர் உயில் எழுதவில்லை, எழுதிவைக்கச் சொத்து எதுவும் அவரிடம் இல்லை என்று அவருடைய வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் குறிப்பிடுகிறார். ஆலய நூலகத்தை மட்டும் பத்திரமாகக் காக்கும்படி அவர் சொல்லியிருந்தார்.