மலிந்தபோது சேமிப்போம்

அந்தி சாயும் நேரம். சந்தை கலைந்துகொண்டிருக்கிறது. தக்காளி விற்கும் அம்மாவின் கூடையில் பாதி அப்படியே இருக்கிறது. காலையில் கிலோ 15 ரூபாய்க்கு விற்றார். இப்போது 5 ரூபாய்க்குக் கேட்கிறார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் இரண்டு நாளில் அழுகிவிடும். வேறு வழியில்லை. கேட்ட விலைக்கே கொடுத்துவிடுகிறார்.

சில மாதம் கழித்து மழை பிடித்துக்கொள்கிறது. தக்காளி வரத்து குறைகிறது. அதே அம்மா தன் வீட்டுக்குத் தக்காளி வாங்கப் போகிறார். விலையைக் கேட்டதும் கால் கிலோவோடு திரும்புகிறார்.

இது ஒருவர் கதை அல்ல. ஆந்திராவில் மதனப்பள்ளி, கர்நாடகத்தில் கோலார் ஆகிய ஊர்களில் பெரிய தக்காளிச் சந்தைகள் உள்ளன. அங்கும் விலை இப்படித்தான் ஏறி இறங்குகிறது. 2023 ஜூலையில் நாட்டின் பல நகரங்களில் ஒரு கிலோ தக்காளி 100 ரூபாயைத் தாண்டியது. செப்டம்பரில் விலை சரிந்தது. சில ஊர்களில் விவசாயிகள் தக்காளியைச் சாலையோரம் கொட்டினார்கள்.

சந்தை விலை நம் கையில் இல்லை. ஆனால் மலிந்த காலத்தில் கிடைப்பதைப் பக்குவப்படுத்தி வைப்பது நம் கையில் இருக்கிறது.

உணவு ஏன் கெடுகிறது?

நம் கண்ணுக்குத் தெரியாத நுண்கிருமிகள் எங்கும் இருக்கின்றன. காற்றில், மண்ணில், நம் கையில், காயின் தோலில் எல்லாம் இருக்கின்றன. பூஞ்சணமும் அப்படித்தான். இவை வளர நீர் வேண்டும். அளவான சூடு வேண்டும். காயிலும் பழத்திலும் நீர் நிறைய உண்டு. 100 கிராம் தக்காளியில் சுமார் 94 கிராம் நீர்தான். அதனால்தான் தக்காளி சீக்கிரம் அழுகுகிறது.

கிருமி வளர முடியாதபடி செய்துவிட்டால் உணவு நீண்ட நாள் இருக்கும். எப்படிச் செய்வது? நீரை எடுத்துவிடலாம். புளிப்பைக் கூட்டலாம். உப்பைக் கூட்டலாம். நம் நாட்டின் ஒவ்வொரு பகுதியிலும் பெண்கள் இதை வெகு காலமாகச் செய்து வருகிறார்கள்.

ராஜஸ்தானில் வெயில்

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் மழை குறைவு. காய்கறி விளைவது அரிது. அங்கே கேஜ்ரி என்ற மரம் உண்டு. தமிழில் இதை வன்னி மரம் என்கிறோம். இதன் இளங்காய்க்குச் சாங்ரி என்று பெயர். கோடையில் இந்தக் காயைப் பறிக்கிறார்கள். வேகவைத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். கேர் என்ற புதரின் சிறு காய்களையும் உலர்த்தி வைக்கிறார்கள். பச்சைக் காய் கிடைக்காத மாதங்களில் இவற்றை நீரில் ஊறவைத்துச் சமைக்கிறார்கள். வெயில் அங்கே பயிரை வாட்டுகிறது. அதே வெயில்தான் உணவையும் காப்பாற்றுகிறது.

சிக்கிமில் புளிப்பு

இமயமலைப் பகுதியில் உள்ளது சிக்கிம். அங்கே குளிர்காலத்தில் கீரை கிடைப்பது கடினம். ஆகவே கடுகுக் கீரை, முள்ளங்கிக் கீரை ஆகியவை மலிந்திருக்கும்போது சேர்த்து வைக்கிறார்கள். கீரையை ஓரிரு நாள் வாட விடுகிறார்கள். பிறகு கசக்கிப் பானையில் இறுக்கி அடைக்கிறார்கள். காற்றுப் புகாமல் மூடி, ஒரு வாரம் பத்து நாள் விடுகிறார்கள். கீரை புளிக்கிறது. பின்பு வெயிலில் உலர்த்துகிறார்கள். இதன் பெயர் குந்துருக். குளிர்காலத்தில் இதைச் சூடான சாறாக வைத்துக் குடிக்கிறார்கள்.

இங்கே வேலை செய்வதும் நுண்கிருமிகள்தான். பாலைத் தயிராக்கும் கிருமிகளைப் போல இவை நமக்கு நன்மை செய்பவை. இவை உண்டாக்கும் புளிப்பு, கெடுக்கும் கிருமிகளை வளர விடாது.

ஆந்திராவில் உப்பும் எண்ணெயும்

கோடையில் ஆந்திர வீடுகளில் ஆவக்காய் ஊறுகாய் போடுகிறார்கள். புளிப்பான, கெட்டியான மாங்காயைக் கொட்டையின் ஓட்டோடு சேர்த்துத் துண்டு போடுகிறார்கள். கடுகுத் தூள், மிளகாய்த் தூள், உப்பு, நல்லெண்ணெய் சேர்த்து ஜாடியில் போடுகிறார்கள்.

உப்பு மாங்காயில் உள்ள நீரை வெளியே இழுக்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. மாங்காயின் புளிப்பும் துணை செய்கிறது. 1 கிலோ மாங்காய்க்கு 150 முதல் 200 கிராம் உப்பு வேண்டும். உப்பைக் குறைத்தால் ஊறுகாய் நிற்காது.

தக்காளி வற்றல் போடும் முறை

இதற்குச் செலவு அதிகம் இல்லை. நல்ல வெயில் இருந்தால் போதும்.

1. பழுத்த, கெட்டியான தக்காளியாகப் பொறுக்க வேண்டும். அழுகியது ஒன்றுகூடக் கூடாது.

2. நல்ல நீரில் கழுவித் துடைக்க வேண்டும். அரை விரல் கனத்துக்கும் குறைவாக வில்லை வில்லையாக நறுக்க வேண்டும்.

3. சிறிது உப்புத் தூவ வேண்டும். நீர் சீக்கிரம் வெளியேறும்.

4. மூங்கில் தட்டிலோ, சுத்தமான துணியிலோ ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்ப வேண்டும். தரையில் வைக்காமல் கட்டில் மேல் வைப்பது நல்லது.

5. ஈயும் தூசியும் படாமல் மெல்லிய துணியால் மூட வேண்டும். இடையிடையே திருப்பிப் போட வேண்டும்.

6. மாலையில் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். இரவுப் பனி பட்டால் மறுபடி ஈரமாகும்.

7. மூன்று முதல் ஐந்து நாளில் காயும். ஒடித்தால் ஒடிய வேண்டும். நன்றாக ஆறிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும்.

ஒரு வாரம் கழித்து டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும். உள்ளே ஈரம் தெரிந்தால் மறுபடி வெயிலில் வைக்க வேண்டும்.

10 கிலோ தக்காளி காய்ந்தால் 1 கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். போனது பெரும்பாலும் நீர்தான். ஆனாலும் வெயிலில் சில சத்துக்கள் குறையும். ஆகவே பச்சைக் காய் கிடைக்கும்போது அதையும் சாப்பிட வேண்டும். கீரை வகைகளை நிழலில் உலர்த்துவது நல்லது.

கவனம் தேவை

பூஞ்சணம் பூத்த ஊறுகாயை மேலாக வழித்துவிட்டுச் சாப்பிடுவோர் உண்டு. இது தவறு. பூஞ்சணத்தின் வேர் உள்ளேயும் பரவியிருக்கும். சில பூஞ்சணங்கள் நஞ்சு உண்டாக்கும். அந்த நஞ்சு ஈரலைக் கெடுக்கும். காசு போனாலும் போகட்டும் என்று கொட்டிவிட வேண்டும்.

புளிப்பில்லாத காயையோ பூண்டையோ வெறும் எண்ணெயில் போட்டு மூடி நாள்கணக்கில் வைக்கக் கூடாது. காற்றில்லாத இடத்தில் வளரும் கொடிய கிருமி ஒன்று உண்டு. அது இருப்பது மணத்திலும் ருசியிலும் தெரியாது. உயிருக்கே ஆபத்து.

புளிப்பானவற்றை அலுமினியம், செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் வைக்கக் கூடாது. புளிப்பு உலோகத்தை அரிக்கும். பீங்கான் ஜாடி, கண்ணாடிப் பாட்டில் நல்லவை. ஊறுகாய் எடுக்கும் கரண்டி காய்ந்ததாக இருக்க வேண்டும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊறுகாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதில் உப்பு அதிகம்.

ஒன்று சேர்ந்தால்

1959-ஆம் ஆண்டு பம்பாயின் கிர்காவ் பகுதியில் ஏழு பெண்கள் ஒன்று கூடினார்கள். 80 ரூபாய் கடன் வாங்கினார்கள். ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இட்டு உலர்த்தினார்கள். அதுதான் லிஜ்ஜத் அப்பளம். பின்னாளில் பல ஆயிரம் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். அவர்களிடம் முதலில் இருந்தது வீட்டில் கற்ற கைப்பக்குவம்தான்.

ஒரு தெருவில் நாலைந்து வீடுகள் சேர்ந்தாலும் வேலை எளிதாகும். ஒருவர் நறுக்கலாம். ஒருவர் காவல் இருக்கலாம். முதலில் வீட்டுத் தேவைக்குச் செய்து பழகலாம். விற்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

மலிந்த நாளில் கூடையில் மிஞ்சும் தக்காளியை வற்றலாக்கினால், விலை ஏறிய நாளில் அது குழம்புக்கு உதவும்.

சிந்திப்போம், பேசுவோம்

1. உங்கள் ஊரில் எந்த மாதத்தில் எந்தக் காய் மலிவாகக் கிடைக்கிறது?

2. உப்பு சேர்த்தால் ஊறுகாய் ஏன் கெடுவதில்லை?

3. பூஞ்சணம் பூத்த உணவை ஏன் கொட்டிவிட வேண்டும்?

4. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்தெந்தக் காயை உலர்த்தி வைத்தார்கள்? கேட்டு எழுதுங்கள்.